ரோஜா தின்ற வெள்ளாடு

சூஃப்ரியேர்,
மே 24, 1981

சிதோனிக்கு,

ஆறு வருடத்துக்குப் பிறகு அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், நான் உட்பட.

மார்ச் மாதம் காஸ்ட்ரீஸ் ஆஸ்பத்திரியில் என் தொண்டையை அறுத்து ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் ஈர விறகை ஊதுகிற சத்தம்தான் வருகிறது. கடைக்குப் போனால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். எனக்குக் காதும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு கடைக்காரி கத்திக் கத்திப் பதில் சொல்கிறாள்.

அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். திருநாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து கொட்டகைக்கு ஊர்வலம் வரும்போது அம்மா ஒரு பாட்டுப் பாடுவாளே, அதில் மூன்றாவது அடிக்குப் பிறகு குழு பதில் பாடுவது ஒரு தடவையா, இரண்டு தடவையா? பாடிக்கொண்டிருந்தவரை இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை, வாய் தானாகப் பாடிவிடும். இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் வரமாட்டேன் என்கிறது.

ரோஜா சங்கத்தில் ஆகஸ்ட் 30 திருநாளுக்கான பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. போன வருடம் புயல் வந்து கொட்டகைக் கூரையைப் பிடுங்கிக் கடலில் போட்டதால் திருநாளே நடக்கவில்லை. இந்த வருடம் கூரை இருக்கிறது, முன்பாட்டுக்காரி இல்லை. என் இடத்தில் பேக்கரிக்காரர் மனைவி எர்மின் நின்று பாடுகிறாள். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவள் கத்துவது போல இருக்கிறது.

பதில் எழுதுவதானால் பஸ் ஓட்டும் தியூதொனேயிடம் கொடுத்தனுப்பு. இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம்.

யூலாலி


மிக்கூ,
ஜூன் 2, 1981

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் பஸ் நிறுத்தத்திலேயே நின்று படித்தேன். படித்துவிட்டுத் தியூதொனே அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "மார்ச்சுலயே நடந்ததாமே! வாரத்துக்கு நாலு தடவை இந்தப் பக்கம் வர்றீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "உங்க அக்கா சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. சிலேட்ல எழுதி, அடியில ரெண்டு கோடு வேற போட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாருமே இல்லை, அப்படித்தானே?

அழுதேன் அக்கா. அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் உருப்படியாக ஒரு வேலை செய்ய முடியாது.

நான் ரோஜா சங்கத்தை விட்டு ஊதாப் பூக்காரர்களின் மார்கரீட் சங்கத்தில் சேர்ந்த வருடம், திருநாளன்று ஊரே கூடியிருந்த கொட்டகையில் நீ என்மேல் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாய். மறந்திருக்க மாட்டாய்.

ஆசையா வளர்த்த வெள்ளாடு
அக்கா தோட்ட ரோஜா தின்னுச்சு
ஆத்தைத் தாண்டி ஓடிப்போயி
ஊதாப் பூவுக்கு வாலாட்டுச்சு

எதிர்ச் சங்கத்தைக் கிண்டல் பண்ணிப் பாடுவது வழக்கம்தான், நாங்களும் பாடுகிறோம். ஆனால் பெயர் சொல்லாமல் பெயர் சொன்ன பாட்டு அது. வாழைத்தார் ஏற்றிவரும் லாரிக்காரர்கள் ஒரே வாரத்தில் அதை மிக்கூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சந்தையில் மீன்காரன் பாடுகிறான். நான் போனால் பிள்ளைகள் பின்னால் நின்று "மே..." என்று கத்துகிறார்கள். நல்ல பாட்டு என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். மோசமான பாட்டாக இருந்தால் இரண்டு மாதத்தில் செத்திருக்கும்.

இப்போது என் சங்கம் உனக்கு ஆகாது, என் ஞாபகம் மட்டும் வேண்டும். ஆடு பகை, குட்டி உறவா?

இந்தத் தீவையே பார். பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் நடுவே பதினாலு தடவை கை மாறியது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ண வைத்தார்கள். அதற்காக இதைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. சுதந்திரம் வாங்கிக் கொடியேற்றிக் கும்பிட்டோம். நான் ஒரே ஒரு தடவை மாறினேன்.

குழு பதில் பாடுவது இரண்டு தடவை. இரண்டாவதில் கடைசிச் சொல்லை இழுக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கொக்கோவைச் சூடாகக் குடிக்காதே.

சிதோனி


சூஃப்ரியேர்,
ஜூன் 14, 1981

சிதோனிக்கு,

இரண்டு தடவை என்று எர்மினிடம் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவையும் தப்பாகப் பாடுகிறாள்.

தீவைப் பற்றி எழுதியிருந்தாய். தீவு எங்கேயும் நடந்து போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது, பீரங்கியோடு வந்தவன் பிடித்துக்கொண்டான். பிடிபட்டவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது. உன்னை எந்தக் கப்பல் வந்து பிடித்தது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் சொந்தக் காலில் நடந்து போய் பஸ் ஏறினாய். அதுவும் ஒரு தையல்காரனுக்காக.

நம் அம்மா ரோஜா, அவள் அம்மா ரோஜா. கல்யாணம் வேறு, சங்கம் வேறு. இந்த ஊரில் ரோஜாக்காரியும் மார்கரீட்காரனும் ஒரே பாயில் படுத்து ஏழு பிள்ளை பெற்றிருக்கிறார்கள், திருநாள் வந்தால் அவரவர் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். நீ புருஷனோடு பூவையும் மாற்றிக்கொண்டாய்.

உங்கள் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டே பாடுவீர்களாமே, பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி. எப்படித்தான் உனக்குக் கால் சும்மா இருக்கிறது?

யூலாலி


மிக்கூ,
ஜூன் 28, 1981

அக்கா,

இப்பொலித்துக்காக நான் மாறவில்லை. அவர் மார்கரீட் சங்கத்தில் ராஜா, வருடத்துக்கு ஒரு நாள் அட்டைக் கிரீடம் வைத்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் என்னிடம் கேட்காமல் ஒரு பித்தான்கூடத் தைக்க மாட்டார். "நீ ரோஜாவாவே இரு, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு கல்யாணத்தன்றே சொன்னார்.

ஏன் போனேன் என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா?

1974 திருநாள். உனக்குச் சளி. ஊர்வலப் பாட்டை நான் எடுத்தேன். கோயில் படியில் நின்றிருந்த சலவைக்காரி கிளோதில் கையைத் தலையில் வைத்துக்கொண்டு "ஐயோ, இவங்க அம்மா திரும்பி வந்துட்டா"ன்னு அழுதாள். அம்மா போய் அப்போது நாலு வருடம். இரண்டாவது பாட்டை நான் ஆரம்பித்தேன். முதல் அடி முடியவில்லை, நீ தாளம் போடும் சாக்சாக் கிலுகிலுப்பையை என் காதருகே குலுக்கிக்கொண்டு முன்னால் வந்து, சளிக் குரலோடு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டாய். என் கையில் இருந்த எதையும் நீ பிடுங்கியதில்லை அக்கா. அன்றைக்கு வாயில் இருந்ததைப் பிடுங்கினாய்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் பின்வரிசையில் நின்று பதில் பாடினேன். ஒரு பாட்டுக்கூட நீ எனக்குத் தரவில்லை. மிக்கூவில் அவர்கள் என்னைக் கேட்டார்கள். "பாடுவியாம்மா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் நான்தான் முன்பாட்டுக்காரி. உட்கார்ந்துகொண்டுதான் பாடுகிறேன். ஆனால் முதல் நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம்.

சிதோனி


சூஃப்ரியேர்,
ஆகஸ்ட் 9, 1981

சிதோ,

ஆறு வாரம் ஆகிவிட்டது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடுப்பில் போட்டேன். குரல் இருந்தால் சத்தம் போட்டே சமாளித்திருப்பேன். எழுதினால் நான் எழுதியதை நானே படிக்க வேண்டியிருக்கிறது.

நீ சொன்னது எல்லாம் சரி. கிளோதில் அழுததைப் பார்த்தேன். என்னை நினைத்து யாரும் அப்படி அழுததில்லை. எனக்கு ஊர் கைதட்டும், அழாது. உன் குரல் என் குரலைவிட நல்லது என்று உனக்குப் பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். வாழைத் தோட்டத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பாடிக்கொண்டே போவாய், நான் பின்னால் கொஞ்சம் தள்ளி வருவேன். உன்னோடு சேர்ந்து பாடினால் என் குரல் எது என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயம். பொறாமை என்று எழுதிவிடுகிறேன். வேறு சொல் தேடி இரண்டு நாள் வீணாய்ப் போயிற்று.

வெள்ளாட்டுப் பாட்டும் அந்தப் பொறாமையில் வந்ததுதான். பாதி.

இப்போது விஷயம். நேற்று சங்கத்தில் கூடினார்கள். எர்மின் அழுதுகொண்டே தன்னால் முடியாது என்றாள். பாவம், நல்ல மனசு, நல்ல ரொட்டி, அதற்கு மேல் கேட்கக் கூடாது. பாட்டு இல்லாமல் இரண்டாவது திருநாளும் போனால் கொடியைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டுக் கலைந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே பாதிப் பேர் வேறு ஊர் ரோஜாவோடு சேர்ந்துகொள்ளத் தயாராக இருக்கிறார்கள். அம்மா கட்டிய பாட்டு நாற்பத்துமூன்று. ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை. உலகத்தில் இரண்டு தொண்டையில்தான் இருந்தது, ஒன்றை அறுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன். முப்பதாம் தேதி வந்து பாடு.

யூலாலி


மிக்கூ,
ஆகஸ்ட் 17, 1981

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இப்பொலித்திடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "உங்க அக்கா பொறாமைன்னு எழுதிட்டாங்களா? அந்தக் காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டு" என்றார். உன்மேல் கோபம் இல்லை, மரியாதை. அவர் பேச்சே அப்படித்தான்.

ஆனால் எங்கள் சட்டம் உனக்குத் தெரியும், உங்கள் சட்டமும் அதுதான். எதிர்க் கொட்டகைக்குப் போய்ப் பாடினால் பூவைப் பிடுங்கிக்கொண்டு சங்கத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அக்டோபர் 17 எங்கள் திருநாள். நான் இல்லாமல் இங்கே பாட்டு இல்லை. உன் கொட்டகையைக் காப்பாற்ற என் கொட்டகையை மூடிவிட்டு வர முடியாது. அந்த முதல் நாற்காலியையும் விட்டுவிட்டு வர முடியாது அக்கா, மறைக்க விரும்பவில்லை.

"நான் என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டேன். "ராஜாவாச் சொல்றதுன்னா, போகக் கூடாது. புருஷனாச் சொல்றதுன்னா, நீ போகலைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்ப, அத நான்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். காரியம் பெருசா, வீரியம் பெருசா? யோசிச்சுப் பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஜூன் 14-ஆம் தேதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? பிடிபட்டவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியானால் என்னைப் பிடி.

தியூதொனே அண்ணன் வாரத்தில் ஆறு நாள் பஸ் ஓட்டுகிறார். திருநாளில் அதே ஆள் மரத்துப்பாக்கியும் தொப்பியுமாக ரோஜா சங்கத்துப் போலீஸ் ஆகிறார். கொட்டகைப் பக்கம் வருகிறவர் யாராக இருந்தாலும் பிடித்து, சங்கத்து நீதிபதி முன்னால் நிறுத்தித் தண்டனை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. விளையாட்டுச் சட்டம்தான், ஆனால் இரண்டு சங்கமும் மதிக்கிற சட்டம். தண்டனை என்ன என்பது நீதிபதியின் விருப்பம்.

நான் அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறேன். மற்றது எதுவும் எனக்குத் தெரியாது.

சிதோனி


சூஃப்ரியேர்,
ஆகஸ்ட் 23, 1981

சிதோ,

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறு. நிஜத்தில் அன்றைக்குப் பஸ் கிடையாது, தியூதொனே உனக்காகவே எடுக்கிறான். பஸ்ஸுக்குள்ளேயே கைது பண்ணிவிடலாமா என்று கேட்டான். "ஓட்டிக்கிட்டே பிடிச்சா நானே டிரைவர், நானே போலீஸ், நானே சாட்சி. செலவு மிச்சம்" என்றான். வேண்டாம், எல்லோரும் பார்க்கக் கோயில் வாசலில் பிடி என்று எழுதிக் காட்டினேன்.

பூ இல்லாமல் வந்துவிடாதே. உன் ஊதாப் பூவை மார்பில் நன்றாகத் தெரியும்படி குத்திக்கொண்டு வா. தடயம் இல்லாமல் யாரையும் பிடிக்கக் கூடாது. அந்தப் பூ எப்படியும் வாடாது, எங்கள் பூ மாதிரியா.

நீதிபதி எர்மினின் புருஷன். அவர் என்ன தண்டனை கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் ஓடிவிடாதே.

கருவாடு ஊறப்போட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்த மாதிரி பச்சை வாழைக்காயோடு.

யூலாலி


மிக்கூ,
செப்டம்பர் 2, 1981

அன்புள்ள அக்கா,

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கருவாட்டையும் சாப்பிடவில்லை. அதற்கு மன்னித்துக்கொள்.

நீதிபதி என்ன தண்டனை கொடுப்பார் என்று உனக்குத் தெரியாதா? பொய் சொல்லக் குரல் எதற்கு, பேனாவே போதும் உனக்கு! அவர் மாவு அப்பிய கையோடு எழுந்து நின்று, "மார்கரீட்காரி சிதோனி, ரோஜா எல்லைக்குள்ள ஊதாப் பூவோட பிடிபட்டிருக்கா. தண்டனை, இன்னிக்கு முழுக்க இவ ரோஜாப் பாட்டுத்தான் பாடணும். முதல் பாட்டு வெள்ளாட்டுப் பாட்டு" என்று சொன்னாரே, கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஆறு வருடம் கழித்து என்னை வரவழைத்து, என் வாயாலேயே என்னைத் திட்ட வைக்கிறாள் அக்கா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாசல் எத்தனை அடி தூரம் என்று கண்ணால் அளந்தேன். தியூதொனே அண்ணன் மரத்துப்பாக்கியோடு குறுக்கே நின்று, "ஓடாதம்மா, எனக்கு முட்டி வலி, துரத்த முடியாது" என்று காதோடு கெஞ்சினார்.

அப்போதுதான் நீ எழுந்து வந்து அந்தச் சிலேட்டை என் கையில் கொடுத்தாய்.

முதல் அடிகளை எப்படிப் பாடினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஊரே பதில் பாடியது, அது மட்டும் தெரியும். பிறகு சிலேட்டில் இருந்ததைப் பாடினேன்.

வெள்ளாடு போன நாள்முதலா
வேலிப் படலைச் சாத்தலையே
தின்ன செடியும் துளிர்த்திருச்சு
மிச்சப் பூவும் உனக்குத்தான்

கொட்டகையில் ஒருவருக்கும் அந்த நாலடி தெரியாது, அதனால் யாரும் பதில் பாடவில்லை. நீ மட்டும் வாயசைத்தாய். சத்தமே வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு அம்மாவின் பாட்டு பதினெட்டு பாடியிருக்கிறேன், நின்றுகொண்டு, ஆடிக்கொண்டு. கால் இன்னும் வலிக்கிறது. எர்மின் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் குரல் மோசம் இல்லை அக்கா. பயந்து பயந்து பாடுகிறாள், அவ்வளவுதான். நீ முன்னால் உட்கார்ந்து முறைத்தால் யாருக்குத்தான் குரல் வரும்? மீதி இருபத்தைந்து பாட்டையும் சொல்லிக்கொடுக்கிறேன், சனிக்கிழமைகளில் அவளை இங்கே அனுப்பு. கற்றுக்கொடுப்பதற்கு எங்கள் சட்டத்தில் தடை இல்லை, இப்பொலித் பார்த்துச் சொல்லிவிட்டார்.

நேற்று என் வழக்கும் முடிந்தது. எங்கள் நீதிபதி, பிடிபட்டவள் மேல் குற்றம் இல்லை என்றார். ஆனால் எதிரியின் பாட்டைத் தேவைக்கு மேல் நன்றாகப் பாடியதாகத் தகவல் வந்திருக்கிறதாம். அதற்குத் தண்டனையாக இந்தத் திருநாளுக்கு நான் புதுப் பாட்டு மூன்று கட்ட வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாப்பிடாமல் வந்ததே இதைக் கேட்கப் பயந்துதான். கேட்டால் அங்கேயே உடைந்து போயிருப்பேன். அந்தக் கடைசி நாலடியை எப்போது கட்டினாய்? இந்த வருடமா?

சிதோனி


சூஃப்ரியேர்,
அக்டோபர் 4, 1981

சிதோ,

எர்மின் சனிக்கிழமை உன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டே பாடினாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். நானும் வெளியே நின்றுதான் கேட்டேன், உள்ளே போய் முறைக்கவில்லை.

கொடியைக் கோயிலில் கொடுக்கிற பேச்சு போய்விட்டது. அடுத்த ஆகஸ்டுக்கு யார் ராணி என்று இப்போதே அடித்துக்கொள்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். இந்த வருடம் இல்லை. மற்ற அடிகளோடு சேர்த்து ஒரே நாளில் கட்டியதுதான், 1975-இல். பாட்டில் பாதிதான் பொறாமை என்று எழுதினேனே, மீதிப் பாதி அதுதான். அன்றைக்குக் கொட்டகையில் முதல் அடிகளைப் பாடியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைசி நாலடியைப் பாடினால் சிரிப்பு நின்றுவிடும் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். சிரிப்புக்கு ஆசைப்பட்டு ஆறு வருடத்தைத் தொலைத்தேன், சிதோ. குரல் இருந்தவரை அந்த நாலடி என் தொண்டையில்தான் கிடந்தது. கட்டியை எடுத்த டாக்டருக்கு அது கிடைக்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் அவரிடம் போனேன். குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து துறைமுகத்தில் வாழைக்காய்க் கப்பலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அழுவதற்குச் சத்தம் தேவையில்லை என்று அப்போது தெரிந்தது. பிறகு பசித்தது. சீமைப்பலா சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினேழாம் தேதி மிக்கூவுக்கு வருகிறேன். பாட முடியாது, அதனால் உங்கள் சட்டம் எதையும் மீறமாட்டேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மாவின் சாக்சாக்கைக் கொண்டுவருகிறேன். நீ பாடும்போது பின்வரிசையில் உட்கார்ந்து குலுக்குகிறேன். உன் காதருகே இல்லை, தள்ளித்தான். திரும்பும்போது அதை உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

உங்கள் போலீஸ்காரரிடம் சொல்லி வை. தியூதொனே பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பேன். மார்பில் ரோஜா குத்தியிருப்பேன். ஓடமாட்டேன்.

உன் அக்கா,
யூலாலி